முற்றுப்புள்ளி நெஸ்பி

நீரெலிப் பொறியை எந்த மாதம் வைக்கலாம், எந்த மாதம் எடுத்துவிட வேண்டும் என்று சொல்லும் நூற்று எண்பத்தேழாம் எண் மசோதாவைக் காலைச் சாப்பாட்டு மேசையில் பாதிவரை வாசித்துவிட்டார் ஹல்வோர் நெஸ்பி. உதடுகள் அசைகின்றன, சத்தம் வருவதில்லை. வலது கை ஆட்காட்டி விரல் ஒவ்வொரு சொல்லுக்கும் அடியில் நின்று, அது போகலாம் என்று அனுமதி கொடுத்த பிறகு அடுத்த சொல்லுக்கு நகர்கிறது. காப்பியைத் தட்டில் ஊற்றி, முன்பற்களில் சர்க்கரைக் கட்டியைக் கவ்விக்கொண்டு அதன் வழியே உறிஞ்சுவது அவர் வழக்கம். ஒரு வாக்கியம் முடிந்தால்தான் ஒரு உறிஞ்சல். சட்டமன்றத்து வாக்கியங்கள் நீளமானவை. ஆகவே நெஸ்பி சூடான காப்பி குடித்து ஐந்து மாதம் ஆகிறது.

"முட்டை கல்லாப் போச்சு, நெஸ்பி ஐயா. எலி எங்கேயும் ஓடிடாது. சாப்பிட்டுட்டுப் படிங்க" என்றார் விடுதிக்காரி திருமதி பெக்வித்.

"இது பாஸாச்சுன்னா எலிக்கு மார்ச் வரைக்கும்தான் ஆயுசும்மா. அதுக்காக ஒருத்தராவது முழுசாப் படிக்க வேண்டாமா?"

அவர் வேடிக்கையாகச் சொன்னாரா, உண்மையாகவே சொன்னாரா என்று மேசையைச் சுற்றியிருந்த நாங்கள் யாரும் கண்டுபிடிக்கவில்லை. அவருடைய முகத்தை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. நீளமான, வெயிலில் வெந்த முகம். தொப்பி மறைக்கும் நெற்றி மட்டும் பாலாடை போல வெளுத்திருக்கும்.

இந்த 1911ஆம் ஆண்டுக் கூட்டத்தொடரில் எங்கள் மாநிலச் சட்டமன்றத்துக்கு எண்ணூற்றுச் சொச்சம் மசோதாக்கள் வந்தன. உறுப்பினர்கள் நூறு பேர். பெரும்பாலானவர்கள் மசோதாவின் தலைப்பைப் பார்ப்பார்கள், கொண்டுவந்தவர் யார் என்று பார்ப்பார்கள், பிறகு கட்சிக் கொறடாவின் புருவத்தைப் பார்ப்பார்கள். எண்ணூறையும் முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளிவரை வாசித்தவர் ஒரே ஒருவர். பத்திரிகை மேசையில் பதினான்கு ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கும் எனக்கு இப்படி ஒரு பிறவியைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

'முற்றுப்புள்ளி' என்ற பட்டப்பெயரை வைத்தவர் பிரென்டிஸ் கோல்பி. நகரத்து வக்கீல். சபையின் கடைசி வரிசையில், ஜன்னல் இடுக்கில் காற்று சீறும் மூலையில், நெஸ்பிக்கு அடுத்த நாற்காலி இவருடையது. நான்கு முறை ஜெயித்து வந்தவர். இதுவரை ஒரு மசோதாவைக்கூட முழுதாக வாசித்ததில்லை என்பதை அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

"ஏன்யா நெஸ்பி, தலைப்பைப் பார்த்தாலே உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சிடாதா?"

"உங்க கோட்டைப் பார்த்தா உள்ள இருக்கிற ஆளு தெரிஞ்சிடறாரா, கோல்பி?"

அதன் பிறகுதான் கோல்பிக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

நெஸ்பி சட்டமன்றத்துக்கு வந்ததே ஒரு தற்செயல். பைன் நதி மாவட்டத்தில் அவருடைய கட்சி நிறுத்தியிருந்த வக்கீல், தேர்தலுக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது மஞ்சள்காமாலையில் படுத்துவிட்டார். வாக்குச்சீட்டில் யாராவது ஒருவர் பெயரை அச்சடித்தாக வேண்டும். இருபத்திரண்டு மாடுகளை வைத்துக்கொண்டு, ஊர்ச் சாலைகளின் பள்ளங்களுக்குச் சரளை போடும் மேற்பார்வையாளராகவும் இருந்த நெஸ்பியிடம் கேட்டார்கள். "தோக்கத்தானே போறேன், போட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் பால் கறக்கப் போனார். நாற்பத்தொரு வாக்கில் ஜெயித்துவிட்டார். தன் வீட்டு முன்னால் சாலைக்குச் சரளை போட்டவரை ஜனங்கள் மறப்பதில்லை போலும்.

நார்வேயிலிருந்து பத்தொன்பது வயதில் வந்து இறங்கியவர். இந்த நாட்டு மொழியை மரம் வெட்டும் முகாமில் காதால் கற்றார். எழுத்தில் கற்றது அதற்கும் பிறகு, கல்யாணம் ஆன பின், மனைவி குன்ஹில்டின் உதவியோடு. அதனால்தான் அந்த விரலும் உதடும். படித்தவர்கள் பத்தி பத்தியாகத் தாண்டிப் போகிற இடத்தில் அவர் ஒவ்வொரு சொல்லாக மிதித்துப் போக வேண்டியிருந்தது.

முதல் மூன்று மாதத்தில் சபையில் அவர் வாய் திறந்தது ஒரே ஒருமுறை. கால்வாய் மசோதா ஒன்று நடந்துகொண்டிருந்தபோது திடீரென்று எழுந்தார்.

"சபாநாயகர் ஐயா, இதுல 'மேற்படி'ன்னு பதினோரு இடத்துல இருக்கு. மேல நாலு கால்வாய் சொல்லியிருக்கு. எந்தப் படிக்கு மேற்படின்னு சொன்னா, ஓட்டுப் போட வசதியா இருக்கும்."

சபை சிரித்தது. மசோதாவைக் கொண்டுவந்தவரும் சிரித்தார். சிரித்து முடித்ததும், எந்தக் கால்வாய் என்று அவருக்கும் தெரியவில்லை என்பது வெளிப்பட்டது. மசோதா குழுவுக்குத் திரும்பிப் போயிற்று. நெஸ்பி காது நுனிவரை சிவந்து உட்கார்ந்துவிட்டார்.

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மதிய இடைவேளையில் உறைந்த ஏரியின் மேல் நடந்துகொண்டே சத்தமாக வாசிப்பார். கட்டடத்துக்குள் சத்தமாக வாசிக்கக் கூச்சம். பனியில் துளை போட்டு மீனுக்குக் காத்திருக்கும் கிழவர்கள் அவருக்குப் பழகிப்போனார்கள். "இன்னைக்கு என்ன சட்டம், நெஸ்பி?" என்று கேட்பார்கள். "வெண்ணெய்க்குச் சாயம் போடக் கூடாதுன்னு" என்று சொல்லி, வாளி ஒன்றைக் கவிழ்த்து உட்கார்ந்து மூன்று பிரிவை வாசித்துக் காட்டுவார். அவர்கள் சொல்லும் திருத்தங்களைக் குறித்துக்கொள்வார். மீன்பிடிச் சட்டத்தில் இரண்டு திருத்தம் அந்தத் துளைகளின் ஓரத்திலிருந்து வந்தவைதான்.

மனிதர்களை எடைபோட அவரிடம் ஒரே ஒரு அளவுகோல்: மாடு. யாரைப் பற்றிக் கேட்டாலும், "அவர்கிட்ட மாட்டை விட்டுட்டு ஊருக்குப் போலாம்" என்பார், அல்லது "மாட்டை விட்டுட்டுப் போக முடியாது" என்பார். சபாநாயகரிடம் விட்டுவிட்டுப் போகலாம். கோல்பியிடம்? நீண்ட நேரம் யோசித்து, "ஒரு வேளைக் கறவைக்கு விடலாம். ரெண்டாவது வேளைக்கு மறந்துடுவார்" என்றார்.

குன்ஹில்டுக்கு வாரம் இரண்டு கடிதம் எழுதுவார். தாளை வீணாக்க மனம் வராமல், முடிந்துபோன மசோதாக்களின் பின்பக்கத்தில் எழுதுவார். அவளிடமிருந்து பதில் வரும்போது முதல் பாதி மாடுகளைப் பற்றி இருக்கும். இரண்டாம் பாதி மசோதாவைப் பற்றி இருக்கும். ஒருமுறை அப்படி ஒரு கடிதத்தை எனக்கு வாசித்துக் காட்டினார்: "சிவப்புக் கிடாரி ஈன்றுவிட்டது. உங்கள் கடிதத்தின் மறுபக்கத்தில் உள்ள பள்ளிக்கூடச் சட்டத்தின் நான்காம் பிரிவை எழுதியவர் பள்ளிக்கூடமே பார்த்ததில்லை போலிருக்கிறது."

"என்னைவிட வேகமாப் படிப்பா" என்றார். குரலில் பொறாமை சிறிதும் இல்லை.

அவர் கொண்டுவந்த மசோதா ஒன்றே ஒன்றுதான். எண் முந்நூற்றுப் பத்தொன்பது.

எங்கள் பக்கத்து விவசாயிகளுக்கு அதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. அறுவடை முடிந்ததும் மக்காச்சோளத் தட்டையை அரைக்கும் இயந்திரம் பண்ணை பண்ணையாக வரும். மேடையில் நின்று தட்டைக் கட்டை அதன் வாயில் கொடுக்க வேண்டும். உள்ளே இரண்டு உருளைகள் கதிரைப் பிய்த்துத் தள்ளும். தட்டை ஈரமாக இருந்தால் சிக்கும். சிக்கினால் கையால் தள்ளத் தோன்றும். கையுறை நுனியின் ஒரு நூல் அகப்பட்டால் போதும். ஒவ்வொரு நவம்பரிலும் எங்கள் மாநிலத்தில் எத்தனை கைகள் போகின்றன என்று யாரும் எழுதி வைத்ததில்லை. நெஸ்பி தன் மாவட்டத்தில் மட்டும், சாலைச் சரளைக்காகப் போன வீடுகளில் கேட்டு, நான்கு வருஷத்தில் பதினேழு என்று எழுதி வைத்திருந்தார்.

பதினேழாவது கை மார்ட்டா லியன் என்ற பெண்ணுடையது. பக்கத்துப் பண்ணை. வயது இருபத்தெட்டு. அன்று கணவனுக்குக் காய்ச்சல் என்று அவள் மேடையில் ஏறி நின்றாள். இயந்திரத்தின் பெல்ட்டுக்குப் பக்கத்தில் நின்றவர் நெஸ்பி. இதை அவர் எனக்குச் சொன்னதில்லை, மார்ட்டாதான் சொன்னாள். நான் கேட்டபோது நெஸ்பி சொன்னது இவ்வளவுதான்:

"பெல்ட்டைத் தட்டிவிட்டு இயந்திரத்தை நிறுத்த எனக்கு ஆறு விநாடி ஆச்சு. அப்புறமா எத்தனையோ தடவை எண்ணிப் பார்த்துட்டேன். ஆறுதான்."

மசோதா ஒரே பக்கம். இந்த இயந்திரத்தை விற்பவர் யாராக இருந்தாலும், தட்டை கொடுப்பவரின் கை உருளைக்கு எட்டாதபடி அதன் வாயில் ஒரு காப்புக் கூண்டைப் பொருத்த வேண்டும். கூண்டு இல்லாத புது இயந்திரத்தை விற்கக் கூடாது. சட்டமன்ற நூலகத்தில் உட்கார்ந்து ஒன்பது நாள் எழுதினார். நூலகக்காரப் பெண்மணி அழகான சட்ட வார்த்தைகள் சிலவற்றைச் சேர்த்துத் தரட்டுமா என்று கேட்டிருக்கிறார். "வேண்டாம்மா, ஊர்ல படிக்கிறவங்களுக்குப் புரியணும்" என்று சொல்லிவிட்டாராம்.

மார்ச் மாதம் குழு விசாரணை. இயந்திரக் கம்பெனிகளின் சார்பாக வந்தவர் ரெட்ஃபெர்ன் என்பவர். நல்ல கோட்டு, நல்ல சுருட்டு, நல்ல குரல். கெட்ட மனிதர் என்று நான் சொல்லமாட்டேன். அவர் கொடுத்த சுருட்டை நானும் புகைத்திருக்கிறேன்.

"இயந்திரத்துல ஒரு குறையும் இல்லீங்க" என்றார் குழுவிடம். "காலையில நாலு மடக்கு ஊத்திட்டு வந்து கையை உள்ள விட்டா, பாவம் இயந்திரம் என்ன பண்ணும்? கூண்டு போட்டா வேலை மெதுவாகும். விவசாயியே அதைக் கழட்டி எறிஞ்சிடுவான்."

அடுத்த சாட்சியாக மார்ட்டா லியனை அழைத்தார்கள். ரெட்ஃபெர்ன் மரியாதை தெரிந்தவர். எழுந்து வலது கையை நீட்டினார். நீட்டிய பிறகுதான் பார்த்தார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். மார்ட்டா தன் இடது கையால் அதைப் பிடித்துக் குலுக்கினாள்.

"பரவாயில்லீங்க. எல்லாரும் மறந்துடறாங்க. சில நாள் நானே மறந்துடறேன்."

குழுத் தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அன்னைக்குக் காலையில என்ன குடிச்சீங்கன்னு பதிவுக்காகக் கேக்கணும், அம்மா."

"மோருங்க. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுல பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்தறவ நான். எங்க ஊர்ல மோர்தான் குடிப்போம்." பிறகு ரெட்ஃபெர்ன் பக்கம் திரும்பினாள். "ஐயா சொன்னது சரிதான். நான்தான் கையை விட்டேன். தட்டை சிக்கிக்கிச்சு, பின்னால பதினாலு பேர் வேலையை நிறுத்திட்டு நிக்கறாங்க. நீங்களா இருந்தாலும் விட்டிருப்பீங்க."

சாட்சிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். இடது கையால் அவள் தன் பெயரை எழுதி முடிக்கும்வரை ஏழு உறுப்பினர்களும் காத்திருந்தார்கள். நேரம் பிடித்தது. யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. குழு ஒருமனதாக மசோதாவை அனுப்பியது. சபையில் இரண்டாம் வாசிப்பும் எளிதில் நிறைவேறியது. எஞ்சியது, படியெடுக்கும் அறையில் சுத்தப்படி எழுதி வருவது, மூன்றாம் வாசிப்பு, கடைசி வாக்கெடுப்பு. அவ்வளவுதான்.

ஜூன் மாதம், கடைசி நாள். மதியம் பன்னிரண்டு மணிக்குக் கூட்டத்தொடர் முடிகிறது. இரண்டு மணிக்கு ரயில்கள். மேசை இழுப்பறைகளைக் கவிழ்த்துக் காகிதங்களைக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஐம்பத்தாறு மசோதாக்கள் பாக்கி. எழுத்தர் தலைப்பைச் சொல்வார், சபை "சரி" என்று கத்தும், அடுத்தது. எழுத்தரின் தொண்டை பத்தரை மணிக்கே கட்டிவிட்டது. சிலர் பெட்டியோடு ரயிலடிக்கே போய்விட்டார்கள்.

முந்நூற்றுப் பத்தொன்பது வருவதற்கு இன்னும் மூன்று மசோதா இருந்தது. கோல்பி நெஸ்பியின் முதுகில் தட்டினார். "கெட்டிக்காரன்யா நீ! வந்த முதல் வருஷமே உன் பேர்ல ஒரு சட்டம். எனக்கு ஆறு வருஷம் ஆச்சு."

நெஸ்பி சுத்தப்படியை வாசித்துக்கொண்டிருந்தார். தானே எழுதிய மசோதாவை, தனக்கு மனப்பாடமான ஒரே பக்கத்தை, விரல் வைத்து வாசித்தார். விரல் நின்றது. பின்னால் போனது. மறுபடியும் வந்து நின்றது.

"கோல்பி, இந்த வார்த்தை என்ன?"

கோல்பி எட்டிப் பார்த்தார். "பொருத்தலாம்."

"நான் எழுதினது 'பொருத்த வேண்டும்'."

கோல்பியின் சிரிப்பு மறைந்தது. வக்கீல் அல்லவா? அந்த ஒரு சொல்லால் மசோதா என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கூண்டு பொருத்தலாம் என்றால் பொருத்தாமலும் இருக்கலாம். சட்டம் இருக்கும், கூண்டு இருக்காது.

"இங்க பாரு, நெஸ்பி. இப்ப நிறுத்தினா மசோதாவே போயிடும். திருத்தி எழுதி, விதியைத் தளர்த்தி, மறுபடி ஓட்டெடுக்கணும். அதுக்கு மூணுல ரெண்டு பங்கு வேணும். பாதிப் பேரு மூட்டை கட்டிட்டான். இப்படியே பாஸாகட்டும். அடுத்த கூட்டத்தொடர்ல அந்தச் சொல்லை மாத்திக்கலாம். ரெண்டே வருஷம்."

"ரெண்டு வருஷம்னா ரெண்டு அறுவடை" என்றார் நெஸ்பி.

எழுத்தர் கரகரத்த குரலில் முந்நூற்றுப் பத்தொன்பதின் தலைப்பைச் சொன்னார். சபை "சரி" என்று வாயைத் திறக்கும் முன்பு நெஸ்பி எழுந்துவிட்டார். கோல்பி அவருடைய கோட்டு நுனியைப் பிடித்தது எனக்குத் தெரிந்தது.

"சபாநாயகர் ஐயா, இந்த மசோதாவை நான் எதிர்க்கிறேன்."

சபையே வெடித்துச் சிரித்தது. "உன் மசோதாதான்யா அது!" என்று யாரோ கத்தினார்கள். "முற்றுப்புள்ளி, உட்காரு! ரயிலுக்கு நேரமாச்சு!"

சபாநாயகர் சுத்தியலைத் தட்டினார். "பைன் நதி மாவட்ட உறுப்பினருக்கு என்ன வேணும்?"

"முழுசா வாசிக்கணுங்க. கேட்டா வாசிக்கணும்னு விதி இருக்கு. பதினேழாம் விதி."

விதி இருந்தது. சபாநாயகர் எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தார்.

"அவருக்கு முடியலன்னா நான் வாசிக்கிறேங்க" என்றார் நெஸ்பி.

வாசித்தார். ஏரியின் மேல் வாசித்த அதே குரல், ஒவ்வொரு சொல்லாக, நார்வே வாடையோடு. இரண்டு வாக்கியம்வரை பின்னால் சிரிப்பும் நாற்காலி இழுபடும் சத்தமும் கேட்டன. மூன்றாவது வாக்கியத்தில், தட்டை கொடுப்பவரின் கை என்ற இடம் வந்தபோது, சபையில் பாதிப்பேராக இருந்த விவசாயிகள் சிரிப்பதை நிறுத்தினார்கள். 'பொருத்தலாம்' என்ற சொல் வந்ததும் அவர் நிறுத்தினார்.

"இங்க நான் எழுதினது 'வேண்டும்'. குழு பாஸ் பண்ணினது 'வேண்டும்'. நீங்க எல்லாரும் ரெண்டாவது தடவை கையைத் தூக்கினதும் 'வேண்டும்'க்குத்தான். இது எப்படி 'லாம்' ஆச்சுன்னு எனக்குத் தெரியாது. யார் மேலயும் நான் பழி சொல்ல வரல. ஆனா ஒண்ணு சொல்றேங்க. 'லாம்'னு ஒரு சட்டம் இருக்கிறதுக்கு, சட்டமே இல்லாம இருக்கலாம். இல்லைன்னா, எல்லாம் சரியாகிடுச்சுன்னு ஊர்ல நம்பிடுவாங்க. நம்பிக்கிட்டு மேடையில ஏறுவாங்க."

உட்கார்ந்துவிட்டார். அவர் முழுதாகப் பேசிய ஒரே பேச்சு அதுதான்.

சபாநாயகர் மூலப் பிரதியைக் கொண்டுவரச் சொன்னார். எடுத்து வந்தார்கள். 'வேண்டும்' என்றுதான் இருந்தது. படியெடுத்ததில் நேர்ந்த பிழை என்று படியெடுக்கும் அறையிலிருந்து பதில் வந்தது. அப்படியே இருக்கலாம். எப்படி நேர்ந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. பார்வையாளர் மாடத்தில் ரெட்ஃபெர்ன் இருந்தார். அவர் முகத்திலும் வியப்பைத்தான் பார்த்தேன். அதை நேர்மையாக இங்கே எழுதிவிடுகிறேன்.

பிறகு எழுந்தவர் கோல்பி. விதியைத் தளர்த்தி, இங்கேயே இப்போதே திருத்தி, வாக்கெடுக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். அதற்கு அறுபத்தேழு வாக்கு வேண்டும். தீர்மானத்தைச் சொல்லி முடித்ததும், அந்தப் பெரிய மனிதர், ஆறு வருஷத்தில் வேகமாக நடந்துகூட யாரும் பார்த்திராதவர், கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினார்.

பெயர்களை அகரவரிசையில் கூப்பிட ஆரம்பித்தார்கள். சரி. சரி. இல்லை. சரி. வராதவர்கள். நான் பத்திரிகை மேசையில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். நெஸ்பி குனிந்து தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிப் பெயர் முடிந்தபோது என் கணக்கில் அறுபத்துநான்கு. சபாநாயகர் சுத்தியலை எடுத்தார். வைத்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சபாநாயகருக்குக் கண்ணாடி துடைக்க இத்தனை நேரம் பிடித்து நான் பார்த்ததில்லை.

கதவு திறந்தது. கீழ்த்தளத்து முடிதிருத்தும் கடையிலிருந்து இரண்டு உறுப்பினர்களை ஆளுக்கொரு கையாகப் பிடித்து இழுத்துக்கொண்டு கோல்பி வந்தார். ஒருவருக்குக் கழுத்தில் வெள்ளைத் துணி. மற்றவருக்குப் பாதி முகத்தில் சோப்பு நுரை.

"எதுக்குய்யா ஓட்டு?" என்று நுரைக்காரர் கேட்டார்.

"கைக்கு!" என்றார் கோல்பி, மூச்சு வாங்கியபடி. "சரின்னு சொல்லு!"

"நான் படிக்கவே இல்லையே."

நெஸ்பி எழுந்து, அந்தத் தாளை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். சபை காத்திருந்தது. நுரைக்காரர் அதை வாசித்தார், மேலிருந்து கீழ்வரை. சோப்பு ஒரு துளி தாளின் மேல் விழுந்தது. "சரி" என்றார். துணிக்காரரும் "சரி" என்றார். கோல்பி தன்னுடைய "சரி"யையும் சேர்த்தார். அறுபத்தேழு.

மறுநாள் காலை மேலவை அதை நிறைவேற்றியது. அடுத்த வாரம் ஆளுநர் கையெழுத்திட்டார்.

மறுநாள் என்று எழுதினேன். ஆம், அன்று மதியம் கூட்டத்தொடர் முடியவில்லை. மீதியிருந்த ஐம்பத்திரண்டு மசோதாக்களில் அடுத்ததன் தலைப்பை எழுத்தர் சொன்னபோது, முன்வரிசையிலிருந்து ஒரு குரல், "முழுசா வாசிங்க" என்றது. அதற்கடுத்ததற்கு வேறொரு குரல். எழுத்தருக்கு வெந்நீரும் தேனும் வரவழைத்தார்கள். உறுப்பினர்கள் முறைவைத்து வாசித்தார்கள். ரயில்கள் காலியாகப் போயின. இரண்டரை நாள் ஆயிற்று. தன் பெயரில் இருந்த மசோதா ஒன்றை முதன்முறையாக வாசித்த கோல்பி, ஆட்டுக்கிடா என்று இருக்க வேண்டிய இடத்தில் ஆட்டுக்கடை என்று இருப்பதைக் கண்டுபிடித்தார். ஆட்டுக்கடைகளை மந்தையிலிருந்து பிரித்துக் கட்ட வேண்டும் என்று ஆணையிட இருந்தது சபை.

"ஆறு வருஷத்துல இப்படி எத்தனை ஆணை போட்டேனோ" என்றார் நெஸ்பியிடம். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் இப்போது கோல்பியிடம் மாட்டை விட்டுவிட்டு ஒரு வாரம் ஊருக்குப் போகலாமாம். எனக்கு நெஸ்பி ரகசியமாகச் சொன்னது.

அக்டோபர் கடைசியில் பைன் நதிப் பக்கம் போயிருந்தேன். லியன் வீட்டுக் களத்தில் புது இயந்திரம் வந்து இறங்கியிருந்தது, வாயில் இரும்புக் கூண்டோடு. அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் பதினைந்து பேர் சுற்றி நின்றார்கள். மார்ட்டா இடது கையால் எல்லோருக்கும் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள். நீராவி எஞ்சின் சீறியது, பெல்ட் ஓடியது, உள்ளே உருளைகள் சுழலும் சத்தம் கேட்டது. மேடையில் ஏற வேண்டியது யார் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நெஸ்பி ஏறினார்.

கையுறையைக் கழற்றினார். சட்டைக் கையை முழங்கைவரை மடித்தார். வெறுங்கையைக் கூண்டுக்குள் விட்டார்.

"என்ன பண்றீங்க! கையை எடுங்க!" என்று குன்ஹில்ட் கத்தினாள். யாரோ பெல்ட் பக்கம் ஓடினார்கள்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தோள் கூண்டில் முட்டும்வரை சாய்ந்தார். குதிகாலைத் தூக்கி, விரல்களை முடிந்தவரை நீட்டினார். உருளைகள் சுழன்றுகொண்டே இருந்தன. விரல் நுனிக்கும் அவற்றுக்கும் நடுவே ஒரு சாண் காலியாக இருந்தது. இன்னும் கொஞ்சம் எட்டிப் பார்த்தார். எட்டவில்லை. அப்படியே சிறிது நேரம் நின்றார்.

பிறகு கையை வெளியே எடுத்து, கையுறையை மாட்டிக்கொண்டு, குனிந்து முதல் தட்டைக் கட்டை எடுத்து இயந்திரத்தின் வாயில் வைத்தார்.